அந்த ஒரு பாட்டைத் தாண்டி

பாட்டு இப்படிச் சவசவவென்று போகிறதே என்று ஜானி க்ரீன்வுட்டுக்கு எரிச்சல். பல்லவி தொடங்குமிடத்துக்குச் சற்று முன்னால் கித்தார் கம்பிகளை முரட்டுத்தனமாக அறைந்தார். பாட்டைக் கெடுக்கத்தான் அப்படிச் செய்தார் என்று சக கித்தார் கலைஞர் எட் ஓ'பிரையன் பிற்பாடு சொன்னார். ஆனால் பாட்டு கெடவில்லை. அந்தக் கரகரச் சத்தமே ‘க்ரீப்’புக்கு அடையாளமாகிவிட்டது.

1992-இல் அது வெளியானபோது பிரிட்டனில் யாரும் சட்டை செய்யவில்லை. பிறகு இஸ்ரேலில் பிடித்தது, அமெரிக்காவில் பரவியது. மறு ஆண்டு மறுபடியும் வெளியிட்டபோது பிரிட்டனிலும் விற்பனைப் பட்டியலில் ஏழாம் இடம்.

பாடியவர்கள் ரேடியோஹெட். ஆக்ஸ்ஃபோர்டை அடுத்த ஆபிங்டனில் ஒரே பள்ளியில் படித்த ஐந்து பேர். வெள்ளிக்கிழமை ஒத்திகை என்பதால் முதலில் ‘ஆன் எ ஃப்ரைடே’ என்றே பெயர் வைத்திருந்தார்கள். முதல் ஆல்பமான ‘பாப்லோ ஹனி’யில் நிர்வாணா, பிக்ஸீஸ் குழுக்களின் சாயல் எட்டிப் பார்க்கும், இவர்கள் யார் என்பதுதான் சரியாகத் தெரியாது. கச்சேரி போன ஊரிலெல்லாம் ரசிகர்கள் ‘க்ரீப்’பைத்தான் கேட்டார்கள்.

1994 தொடக்கத்தில் லண்டன் ஆர்.ஏ.கே. ஸ்டூடியோவில், தயாரிப்பாளர் ஜான் லெக்கியுடன் இரண்டாவது ஆல்பத்துக்கு உட்கார்ந்தார்கள். இசைத்தட்டுக் கம்பெனிக்கு உடனே இன்னொரு ஹிட் வேண்டும். எந்தப் பாட்டு ஹிட்டாகும் என்ற கவலையிலேயே வேலை இழுத்தது. கடைசியில் பதிவை நிறுத்திவிட்டுக் கச்சேரிப் பயணம் கிளம்பினார்கள். அதுதான் நல்லதாகப் போயிற்று. புதுப் பாட்டுகள் மேடையில் பழகிப் பதமாயின. ‘மை அயர்ன் லங்’ பாட்டின் வாத்தியப் பகுதி லண்டன் அஸ்டோரியா அரங்கக் கச்சேரியில் பதிவானது. குரலை மட்டும் பிறகு மாற்றிச் சேர்த்தார்கள். போலியோ நோயாளிக்கு மூச்சுக் கொடுத்தபடியே அவரைச் சிறைவைத்த இயந்திரப் பெட்டிதான் அயர்ன் லங். ‘க்ரீப்’ அவர்களுக்கு என்ன செய்தது என்பதை இதைவிடப் பொருத்தமாகச் சொல்ல முடியாது.

இன்னொரு திருப்பம் ஒரு சிறிய அரங்கில் நடந்தது. பாடகர் ஜெஃப் பக்லி தனியாகக் கித்தாரோடு பாடியதைக் குழுவினர் போய்க் கேட்டார்கள். திரும்பி வந்த குழுவின் பாடகர் தாம் யார்க், ‘ஃபேக் பிளாஸ்டிக் ட்ரீஸ்’ பாட்டைச் சில தடவைகளிலேயே பாடி முடித்து அழுதுவிட்டார். உச்சத்தில் மெலிதாகத் தழுதழுக்கும் அந்தக் குரலைக் கத்தாமலே நம்பலாம் என்ற துணிச்சல் ஆல்பம் முழுக்கத் தெரிகிறது. மூன்று கித்தார்களும் முட்டிக்கொள்வதை விட்டு, ஒன்றுக்கொன்று இடம் கொடுக்கின்றன.

1995 மார்ச்சில் வந்த அந்த ஆல்பத்துக்குத் ‘தி பெண்ட்ஸ்’ என்று பெயர். ஆழத்திலிருந்து அவசரமாக மேலே வரும் முக்குளிப்பவர்களைத் தாக்கும் நோய் அது. ஒரே பாட்டில் அவசரமாக மேலே வந்தவர்களுக்குப் பொருத்தமான பெயர்தான்! அட்டைப்படத்தில் இருப்பது, முதலுதவிப் பயிற்சிக்கான பொம்மையின் முகம். ஆல்பம் பிரிட்டனில் நான்காம் இடத்தைப் பிடித்தது.

பதிவின் நடுவே லெக்கி ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். அந்த இடைவெளியில் ஒலிப்பதிவாளர் நைஜல் காட்ரிச், குழுவோடு உட்கார்ந்து சில பாட்டுகளைப் பதிவு செய்தார். அதில் ஒன்றான ‘பிளாக் ஸ்டார்’ ஆல்பத்திலேயே இடம் பிடித்தது. அடுத்த ஆல்பத்துக்கு அவரையே வைத்துக்கொண்டார்கள். பாத் நகருக்கு அருகே ஒரு பழைய மாளிகையில் கருவிகளை இறக்கிப் பெரும்பகுதியைப் பதிவு செய்த அந்த ‘ஓகே கம்ப்யூட்டர்’, 1997-இல் பிரிட்டனில் முதலிடத்துக்குப் போனது.