ஒரு வாக்கின் நிறை: ஜோர்ஜியா மாநிலத் தேர்தல் வரலாறு

"தேர்தலிலே கூடிய வாக்குப் பெற்றவர் தோற்பதும், குறைந்த வாக்குப் பெற்றவர் வெல்வதும் நிகழக்கூடுமோ, ஐயா?" என்று வகுப்பில் மாணவன் ஒருவன் நம்மை வினவினான். அவனுடைய தோழர்கள் நகைத்தனர். எண்ணிக்கையிற் பெரியது பெரியதே, சிறியது சிறியதே. இதில் ஐயம் எங்ஙனம் எழும் என்பது அவர்கள் எண்ணம். ஆனால் அவ்வினா நகைப்பிற்குரியதன்று. அவ்வாறு நிகழக்கூடும், நிகழ்ந்தும் இருக்கின்றது. அதுவும் சட்டத்தை மீறியன்று, சட்டத்தின் வழி நின்றே நிகழ்ந்தது. மணி அடித்துவிட்டமையால் அன்று நாம் கூறாது விட்ட விடையை இன்று கூறப் புகுகின்றோம்.

ஐக்கிய அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதியில் உள்ளது ஜோர்ஜியா மாநிலம். அட்லாண்டா அதன் தலைநகர். பருத்தித் தோட்டங்களாலும், அத்தோட்டங்களில் அடிமைகளாய் உழைத்த கறுப்பின மக்களாலும் வளம் பெற்ற மண் அது. கவுண்டி எனப்படும் 159 வட்டாரங்களாக அது பிரிக்கப்பட்டுள்ளது. மாநிலத்தை ஆள ஒரு கவர்னரையும், இரு மன்றங்கள் கொண்ட சட்டசபையையும் மக்கள் தேர்ந்தெடுக்கின்றனர். வாஷிங்டனிலுள்ள காங்கிரசுக்கு, இரண்டு செனட்டர்களையும் தொகுதிக்கு ஒருவராகப் பிரதிநிதிகளையும் அனுப்புகின்றனர்.

வாக்கு ஒன்று பயனுள்ள வாக்காக வேண்டுமாயின் அது மூன்று வாயில்களைக் கடத்தல் வேண்டும். வாக்காளன் சாவடியினுள் புகவிடப்படல் வேண்டும். அவன் இட்ட வாக்குப் பிறர் வாக்கோடு ஒத்த நிறை உடையதாதல் வேண்டும். இறுதியில் அது நேர்மையாக எண்ணப்படல் வேண்டும். இம்மூன்றில் ஒன்று அடைபட்டாலும் மற்ற இரண்டும் திறந்திருந்து பயனில்லை. இவ்வுண்மையை ஜோர்ஜியாவின் வரலாறு போல் தெளிவாக எடுத்துரைப்பவை சிலவே.

முதலாம் வாயில்

1865 இல் உள்நாட்டுப் போர் முடிந்தது. அடிமைகள் விடுதலை பெற்றனர். 1868 இல் நடந்த தேர்தலிலே கறுப்பின மக்கள் வாக்களித்துத் தம்மவருள் 33 பேரை மாநிலச் சட்டசபைக்கு அனுப்பினர். ஆனால் அவ்வாண்டு செப்டெம்பர் மாதத்திலேயே வெள்ளையரான உறுப்பினர் ஒன்றுகூடி, கறுப்பினத்தவருக்கு வாக்களிக்க உரிமையுண்டேயன்றிப் பதவி வகிக்க உரிமையில்லை எனக் கூறி, அவர்களுட் பெரும்பாலோரை வெளியேற்றினர். வெளியேற்றப்பட்டோருள் ஒருவரான ஹென்றி மக்னீல் டேர்னர் என்ற போதகர், மனிதனாய்ப் பிறந்த தமக்குரிய உரிமையை எவரிடமும் இரந்து கேட்கப் போவதில்லை என்று அச்சபையிலே முழங்கினார். மத்திய அரசாங்கம் தலையிட்ட பின்னரே, 1870 இல், அவர்கள் மீண்டும் தம் ஆசனங்களைப் பெற்றனர்.

அவ்வாண்டு டிசெம்பரில், அடிமையாய்ப் பிறந்து தையற்காரராய் வாழ்ந்த ஜெபர்சன் லோங் என்பவர் காங்கிரசின் பிரதிநிதிகள் சபைக்குத் தெரிவானார். எஞ்சியிருந்த சில வாரங்களுக்கே அவர் அங்கு அமர்ந்தார். 1871 மார்ச் மாதத்தில் அவர் வெளியேறிய பின், அவர் இனத்தவர் இன்னொருவர் ஜோர்ஜியாவிலிருந்து அச்சபைக்குச் செல்ல ஒரு நூற்றாண்டு கழிந்தது.

ஏன் கழிந்தது? வாயில் ஒரே நாளில் அடைக்கப்படவில்லை. ஒவ்வொரு தாழாகப் பூட்டப்பட்டது. வாக்களிக்க விரும்புவோன் தலைவரி செலுத்தல் வேண்டும் என்றும், செலுத்தாது விட்ட ஆண்டுகளின் வரியெல்லாம் சேர்ந்து நிலுவையாய் நிற்கும் என்றும் 1877 ஆம் ஆண்டு அரசியலமைப்பு விதித்தது. 1908 இல் எழுத்தறிவுச் சோதனையும் வந்து சேர்ந்தது. இவற்றிலும் வலிய தாழ் வேறொன்று. அக்காலத்தில் ஜோர்ஜியாவில் ஜனநாயகக் கட்சியை எதிர்த்து வெல்வாரில்லை. ஆகவே அக்கட்சி தன் அபேட்சகரைத் தெரிவதற்கு நடத்தும் முதனிலைத் தேர்தலே உண்மைத் தேர்தல். பின் வரும் பொதுத் தேர்தல் வெறுஞ் சடங்கு. அந்த முதனிலைத் தேர்தலில் வெள்ளையர் மட்டுமே வாக்களிக்கலாம் என்று 1900 இல் விதி செய்யப்பட்டது. விருந்து முடிந்தபின் இலை எடுக்க அழைத்ததுபோல், பொதுத் தேர்தலில் மட்டும் கறுப்பின மக்களுக்கு இடம் விடப்பட்டது.

பெண்களின் நிலையும் நன்றாயிருக்கவில்லை. பெண்களுக்கு வாக்குரிமை வழங்கும் அரசியலமைப்புத் திருத்தத்தை 1919 இல் முதன்முதலாக நிராகரித்த மாநிலம் ஜோர்ஜியாவே. 1920 இல் திருத்தம் நாடு முழுவதற்கும் சட்டமானபோதும், தேர்தலுக்கு ஆறு திங்களுக்கு முன்னரே பதிந்திருத்தல் வேண்டும் என்ற விதியைக் காட்டி, அவ்வாண்டுத் தேர்தலில் அம்மாநிலப் பெண்களை வாக்களிக்க விடவில்லை. அதே மாநிலத்தைச் சேர்ந்த ரெபெக்கா பெல்டன் என்னும் 87 வயது மூதாட்டியாரே 1922 இல் அமெரிக்க செனட் சபையில் அமர்ந்த முதற் பெண்மணியானார் என்பது வியப்புக்குரியது. அவர் பதவி வகித்தது ஒரே ஒரு நாள்!

மாற்றம் 1940 ஆம் ஆண்டுகளில் வந்தது. எலிஸ் ஆர்னால் கவர்னராயிருந்த காலத்தில், 1943 இல், 18 வயதினருக்கு வாக்குரிமை அளிக்கப்பட்டது. அமெரிக்காவில் அதைச் செய்த முதல் மாநிலம் ஜோர்ஜியாவே. 1945 இல் தலைவரி ஒழிந்தது. கொலம்பஸ் நகரில் முடிதிருத்துபவராயும் போதகராயும் வாழ்ந்த பிரைமஸ் கிங் என்பவர், 1944 ஜூலை 4 ஆம் நாள் முதனிலைத் தேர்தலில் வாக்களிக்கச் சென்றார். அவரை வெளியே தள்ளினர். அவர் அஞ்சி அடங்கவில்லை, வழக்குத் தொடுத்தார். கீழ் நீதிமன்றங்களில் அவர் வென்ற வழக்கை மறுபடி விசாரிக்க 1946 இல் உச்ச நீதிமன்றம் மறுத்தது. வெள்ளையர் மட்டும் வாக்களிக்கும் முறை அத்துடன் வீழ்ந்தது.

நிறை கோடிய தராசு

முதலாம் வாயில் சற்றே திறந்ததும், இரண்டாம் வாயில் அடைபட்டிருப்பதை மக்கள் கண்டனர். 1917 ஆம் ஆண்டுச் சட்டமொன்றின்படி, முதனிலைத் தேர்தலில் வெற்றி தோல்வியை முடிவு செய்தவை மக்கள் இட்ட வாக்குகள் அல்ல. கவுண்டிகளுக்கு உரிய 'அலகு வாக்குகளே'. மக்கட்டொகை மிகுந்த எட்டுக் கவுண்டிகளுக்கு ஆறு அலகுகள் வீதமும், அடுத்த முப்பதுக்கு நான்கு வீதமும், எஞ்சிய 121 சிறு கவுண்டிகளுக்கு இரண்டு வீதமும் வழங்கப்பட்டன. ஆக மொத்தம் 410. ஒரு கவுண்டியில் முதலிடம் பெற்றவர் அதன் அலகுகள் அனைத்தையும் பெறுவார்.

மாணவர்களே, கணக்கைப் பாருங்கள். அட்லாண்டா நகரைக் கொண்ட புல்டன் கவுண்டியில் 1960 இல் வாழ்ந்தோர் ஐந்து இலட்சத்து ஐம்பத்தாறாயிரம் பேர். அவர்களுக்கு ஆறு அலகுகள். எக்கோல்ஸ் கவுண்டியில் வாழ்ந்தோர் 1,876 பேர். அவர்களுக்கு இரண்டு அலகுகள். ஆகவே எக்கோல்ஸ்வாசி ஒருவரின் செல்வாக்கு, புல்டன்வாசிகள் 99 பேரின் செல்வாக்குக்குச் சமமாயிற்று. மூன்று சிற்றூர் வட்டாரங்களைக் கைக்குள் வைத்திருப்பவன் ஒரு மாநகரத்தையே செல்லாக் காசாக்கலாம்.

செல்லாக் காசாக்கியும் காட்டினர். அட்லாண்டாவை உள்ளடக்கிய ஐந்தாம் காங்கிரஸ் தொகுதியிலே, 1946 பெப்ரவரியில் ஓர் இடைத்தேர்தல் நடந்தது. அதில் அலகு முறை இல்லை. ஹெலன் டக்ளஸ் மான்கின் என்ற பெண்மணி, கறுப்பின வாக்காளரின் துணையோடு வென்று காங்கிரசுக்குச் சென்றார். சில திங்களில் முதனிலைத் தேர்தல் வந்தது. இம்முறை அலகுக் கணக்கைப் புகுத்தினர். தொகுதி முழுவதிலும் மான்கின் அம்மையாரே பல ஆயிரம் வாக்குகளால் முந்தி நின்றார். ஆயினும் அவர் வென்றது புல்டன் கவுண்டி ஒன்றையே. அதன் அலகுகள் ஆறு. அவருடைய எதிரி டிகால்ப் கவுண்டியின் ஆறையும், ரொக்டேல் என்னும் சிறு கவுண்டியின் இரண்டையும் பெற்றார். எட்டுக்கு ஆறு! மக்கள் தேர்ந்தவர் வீட்டுக்குச் சென்றார். மற்றவர் காங்கிரசுக்குச் சென்றார்.

அதே கோடையில் கவர்னர் பதவிக்கான போட்டியும் அவ்வாறே முடிந்தது. ஜேம்ஸ் கார்மைக்கேல் பெற்றவை ஏறத்தாழ 3 இலட்சத்து 13 ஆயிரம் வாக்குகள். யூஜின் டால்மேட்ஜ் பெற்றவை ஏறத்தாழ 2 இலட்சத்து 97 ஆயிரம். டால்மேட்ஜ் வென்றார்! கிராமப்புறக் கவுண்டிகளே அவர் கோட்டை. நம் மாணவனின் வினாவுக்கு விடை இதுவே.

மூன்று கவர்னர்கள்

வென்ற டால்மேட்ஜ் பதவி ஏற்குமுன்னரே, 1946 டிசெம்பரில், காலமானார். அவர் உடல்நலம் குன்றியிருந்ததை அறிந்த ஆதரவாளர் சிலர், பொதுத் தேர்தலின்போது அவர் மகன் ஹேர்மன் டால்மேட்ஜின் பெயரைத் தம் வாக்குச் சீட்டுகளிற் கையால் எழுதி வைத்திருந்தனர். அதிக வாக்குப் பெற்ற இருவருள் ஒருவரைச் சட்டசபையே தெரிவு செய்யலாம் என்று அவர்கள் வாதித்தனர். எண்ணிப் பார்த்தபோது மகன் மூன்றாம் இடத்திலேயே நின்றார். உடனே அவர்களின் சொந்தக் கவுண்டியாகிய டெல்பெயாரிலிருந்து ஐம்பதுக்கு மேற்பட்ட புதிய வாக்குகள் வந்தன. மகன் முதலிடம் பெற்றார். அவ்வாக்குகள் ஒரே கையெழுத்தில் இருந்தன என்பதையும், வாக்காளர் பெயர்கள் அகரவரிசையில் அமைந்திருந்தன என்பதையும், இறந்தோரும் அவருள் அடங்குவர் என்பதையும் பின்னர் அட்லாண்டாப் பத்திரிகையொன்று வெளிப்படுத்தியது.

1947 ஜனவரியில் சட்டசபை மகனைக் கவர்னராக்கியது. பழைய கவர்னர் ஆர்னால் இடம் விட மறுத்தார். துணைக் கவர்னராகத் தெரிவான மெல்வின் தொம்சனும் பதவி தமக்கே உரியது என்றார். ஒரு மாநிலத்துக்கு மூன்று கவர்னர்கள்! மாநிலச் செயலாளர் பென் போர்ட்சன் சக்கர நாற்காலியில் இயங்குபவர். அரசாங்க முத்திரை எவர் கைக்கும் சிக்காதிருக்க, அதைத் தம் நாற்காலி மெத்தையின் கீழே மறைத்து அதன்மேல் அமர்ந்திருந்தார். மார்ச் மாதத்தில் மாநில உச்ச நீதிமன்றம் தொம்சனின் பக்கம் தீர்ப்பளித்தது.

பதினைந்து ஆண்டுகளின் பின்னும் மூன்றாம் வாயில் செப்பமாகவில்லை. 1962 இல் மாநில செனட்டுக்குப் போட்டியிட்ட கடலை விவசாயி ஒருவர், 139 வாக்குகளால் தோற்றதாக அறிவிக்கப்பட்டார். குவிட்மன் கவுண்டியில் ஒரு பெட்டியைத் திறந்து பார்த்தபோது, வாக்களித்தவர் 333 பேராயிருக்க, சீட்டுகள் 420 இருந்தன! அவர் நீதிமன்றம் சென்று போராடி வென்றார். அவர்தாம் பின்னர் 1976 இல் அமெரிக்க ஜனாதிபதியாகத் தெரிவான ஜிம்மி கார்ட்டர்.

ஒருவருக்கு ஒரு வாக்கு

அலகு முறையை முறியடித்தவர்களும் சாதாரண வாக்காளர்களே. புல்டன் கவுண்டி வாக்காளர் ஒருவர் தொடுத்த வழக்கிலே, அம்முறையை எதிர்த்து வாதிக்கச் சட்டமா அதிபர் ரொபேர்ட் கென்னடி தாமே உச்ச நீதிமன்றத்தில் தோன்றினார். 1963 மார்ச் 18 ஆம் நாள், எட்டு நீதியரசர் ஒருபுறமும் ஒருவர் மறுபுறமுமாக, அம்முறை செல்லாது எனத் தீர்ப்பளிக்கப்பட்டது. 'ஒருவருக்கு ஒரு வாக்கு' என்று உலகெங்கும் இன்று வழங்கும் தொடர் அத்தீர்ப்பால் நிலைபெற்றது.

அடுத்த ஆண்டு பெப்ரவரியில் இன்னொரு தீர்ப்பு வந்தது. ஐந்தாம் தொகுதியில் 823,680 மக்களும் ஒன்பதாம் தொகுதியில் 272,154 மக்களும் வாழ, இரண்டிலிருந்தும் காங்கிரசுக்கு ஒவ்வொருவரே சென்றனர். இது தகாது, தொகுதிகள் இயன்ற அளவு ஒத்த மக்கட்டொகை உடையனவாதல் வேண்டும் என நீதிமன்றம் விதித்தது. ஜோர்ஜியாவின் வழக்கால் அமெரிக்கா முழுவதிலும் தொகுதி எல்லைகள் மாறின.

1965 ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டம் முதலாம் வாயிலின் எஞ்சிய தாழ்களையும் நீக்கியது. எனினும் பழைய விதியொன்று மறைந்து கிடந்தது. 1966 இல் கவர்னர் தேர்தலில் ஹவார்ட் கலவே சுமார் மூவாயிரம் வாக்குகளால் முந்தினார். ஆனால் பாதிக்கு மேற்பட்ட வாக்குகளைப் பெற்றாரில்லை. தெரிவு சட்டசபைக்குச் சென்றது. இரண்டாவதாக நின்ற லெஸ்டர் மடொக்ஸ் கவர்னரானார். அதன் பின்னரே, அறுதிப் பெரும்பான்மை இல்லாதபோது மக்களே மறுமுறை வாக்களித்துத் தீர்ப்பது என்ற ஒழுங்கு வந்தது.

அவ்வொழுங்கின் பயனை 2021 ஜனவரியில் உலகம் கண்டது. அன்று நடந்த மறுவாக்களிப்பில் வென்ற ரபாயேல் வார்னொக், ஜோர்ஜியாவின் முதலாவது கறுப்பின செனட்டரானார். அதற்கு முன் 2002 இல் குடியரசுக் கட்சியினர் ஒருவர், 130 ஆண்டுகளின் பின், கவர்னராகத் தெரிவாகியிருந்தார். ஒரு கட்சியின் தனியாட்சியும் முடிந்தது. 2020 ஆம் ஆண்டு ஜனாதிபதித் தேர்தலில் வேறுபாடு 12 ஆயிரத்துக்கும் குறைவாயிருந்தபோது, ஏறத்தாழ ஐம்பது இலட்சம் சீட்டுகளும் கையால் மீள எண்ணப்பட்டன, முடிவு மாறவில்லை. டெல்பெயார்ப் பெட்டியை நினைவுகூர்வோர்க்கு இதன் அருமை விளங்கும்.

மான்கின் அம்மையாரை இழந்த அந்த ஐந்தாம் தொகுதி யாதாயிற்று? 1972 இல் அன்ட்ரூ யங் அங்கு வென்றார். ஜெபர்சன் லோங் விட்டுச் சென்ற இடம் 101 ஆண்டுகளின் பின் நிரம்பியது. 1986 இல் அத்தொகுதி ஜோன் லூயிஸைத் தேர்ந்தது. வாக்குரிமை கேட்டு 1965 இல் அலபாமாவின் செல்மா நகர்ப் பாலத்திலே தலை உடைபட்டவர் அவர். 2020 இல் கண் மூடும்வரை அத்தொகுதியின் பிரதிநிதியாக விளங்கினார்.

வினவிய மாணவனுக்கு நாம் கூறுவது இதுவே: கூடிய வாக்குப் பெற்றவர் தோற்கக்கூடும், அதைச் சட்டமே செய்யக்கூடும். அச்சட்டத்தை மாற்றியவர்கள் முடிதிருத்துபவர் ஒருவர், விவசாயி ஒருவர், தம் வாக்கின் நிறை குறைவதைப் பொறாத வாக்காளர் சிலர். அவர்கள் கேட்டதும், தம்பி, நீ கேட்டது போன்றதொரு வினாவே. அவர்களைப் பார்த்து நகைத்தவர்களும் இருந்திருப்பார்கள். நீ மேலும் வினவுக.