முறைக்காய்ச்சலும் ஓர் ஆராய்ச்சியாளரும்



வன்னிப் பெருநிலத்தின் கதையைச் சொல்லப் புகுவோர் குளத்தையும் காட்டையும் சொல்வர்; நுளம்பைச் சொல்ல மறந்துவிடுவர். வறண்ட வலயத்திலே வளமான மண்ணும் பெருங்குளங்களும் இருந்தும், மக்கள் நெடுங்காலம் நிலைத்து வாழ இயலாமற் போனதற்கு மலேரியா என்னும் முறைக்காய்ச்சல் ஒரு பெருங்காரணம். 1934-35 ஆம் ஆண்டுகளிற் பரவிய கொள்ளைநோய் இலங்கையில் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கவர்ந்தது.

இந்நோயை ஆராய்வதிலே தம் வாழ்நாளைச் செலவிட்டவர்களுள் ஒருவர் பேராசிரியை கமினி மென்டிஸ் அம்மையார். கொழும்பில் மருத்துவம் கற்று, இலண்டனிலே கலாநிதிப் பட்டம் பெற்று, கொழும்புப் பல்கலைக்கழகத்தில் ஒட்டுண்ணியியற் பேராசிரியையாக விளங்கியவர். பின்னர் உலக சுகாதார நிறுவனத்திலும் பணியாற்றியவர்.

இந்நாட்டை வருத்திய மலேரியா ஒட்டுண்ணிகள் முக்கியமாக இரண்டு. ஒன்று பல்சிபாரம், மற்றது வைவாக்ஸ். பல்சிபாரம் உயிரைக் குடிப்பது. ஆகவே உலகின் கவனம் பெரும்பாலும் அதன்மேற் சென்றது. வைவாக்ஸ் அத்துணைக் கொடிதன்று எனக் கருதப்பட்டது. ஆனால் அது ஈரலிலே உறங்கிக் கிடந்து, மாதங்கள் கழிந்த பின்னும் எழுந்து வந்து மனிதனை மீண்டும் வீழ்த்தும். அம்மையார் தம் ஆராய்ச்சியிற் பெரும்பகுதியை இந்த வைவாக்ஸுக்கே அளித்தார். ஆண்டுதோறும் ஏழு கோடி முதல் எட்டுக் கோடி வரையான நோய்களுக்கு இதுவே காரணம் என மதிப்பிட்டு, இப்புறக்கணிப்பை 2001 இல் அவரும் உடனாய்வாளரும் உலகுக்கு எடுத்துக்காட்டினர்.

அவர்தம் குழுவினர் கண்டவற்றுள் மூன்றை இங்கே கூறலாம். முதலாவது, நோயுற்றவர் குருதியில் உண்டாகும் சில எதிர்ப்பொருள்கள், நுளம்பு அக்குருதியைக் குடித்தபின், அதன் வயிற்றினுள் ஒட்டுண்ணி வளர்வதைத் தடுக்கவல்லவை. அதாவது, ஒருவர் உடலில் உண்டான எதிர்ப்பு அயலவரைக் காக்கிறது! இரண்டாவது, ஒட்டுண்ணிகள் குருதிக் கலங்களை உடைத்து வெளிப்படும் வேளையில், அவற்றை எதிர்த்து நம் உடலே சுரக்கும் பொருள்களுக்கும், குளிரும் நடுக்கமும் பெருங்காய்ச்சலுமாக வரும் அந்த வேதனைக்கும் நெருங்கிய தொடர்புண்டு. மூன்றாவது ஆய்வு கதிர்காமத்திலே நடைபெற்றது. மண்சுவரும் கிடுகுக் கூரையும் கொண்ட வீடுகளில் வாழ்ந்தோரை, கல்வீடும் ஓட்டுக்கூரையும் உடையோரைவிட அதிகமாக மலேரியா பற்றியது. நல்ல வீடு கட்டிக் கொடுப்பதும் மருத்துவத்தின் ஒரு பகுதியே என்பதை இதனின்றும் நாம் உணர்கிறோம். மண்வீட்டில் வாழ்ந்து பழகிய வன்னி மக்களுக்கு இதன் பொருளை விரித்துரைக்க வேண்டியதில்லை.

ஆராய்ச்சி ஒருபுறமிருக்க, களத்திலே மலேரியாத் தடை இயக்கத்தின் ஊழியர் ஊரூராகச் சென்று குருதி சோதித்தனர். போர் நடந்த ஆண்டுகளிலும் அப்பணி முற்றாக நின்றுவிடவில்லை. மருந்தும் வலையும் வடபுலம் வந்தன. 2012 ஒக்டோபருக்குப் பின்னர் உள்நாட்டிலே தொற்றிய மலேரியா எதுவும் பதிவாகாத நிலையில், 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென அறிவித்தது.

எனினும் வரலாறு நம்மை எச்சரிக்கிறது. 1963 இல் இந்நாடு முழுவதிலும் பதினேழு பேருக்கே மலேரியா கண்டது. வெற்றி கிட்டிற்று என்று விழிப்புத் தளர்ந்தது. 1969 இலோ நோயுற்றோர் தொகை ஐந்து இலட்சத்தைக் கடந்தது. ஆறே ஆண்டுகளில் நேர்ந்த மாற்றம் இது.

இன்று பாடசாலைப் பிள்ளைகளுக்கு மலேரியா பாடநூலிலே காணும் ஒரு சொல்லாகிவிட்டது. இளைய மருத்துவர் பலரும் அந்நோயாளியைக் கண்டதில்லை. ஆயினும் நோயைப் பரப்பும் நுளம்பு நம்மிடையேதான் இருக்கிறது. மன்னாரிலே முன்பு காணப்படாத ஒரு நுளம்பினமும் அண்மை ஆண்டுகளில் கண்டறியப்பட்டது. ஆபிரிக்காவுக்கும் அயல்நாடுகளுக்கும் சென்று மீள்வோர் சிலர் கிருமியை உடலிற் சுமந்து வருகின்றனர்.

ஆதலால், அத்தகைய நாடுகளுக்குச் செல்வோர் புறப்படுமுன் தடுப்பு மருந்து பெறல் வேண்டும். திரும்பிய பின் காய்ச்சல் கண்டால், தாம் சென்ற நாட்டின் பெயரை மருத்துவரிடம் முதலிலேயே கூறிக் குருதியைச் சோதிப்பித்தல் வேண்டும். வைவாக்ஸ் எனத் தெரிந்தால், காய்ச்சல் தணிந்துவிட்டதென்று மருந்தை இடையில் நிறுத்தலாகாது. ஈரலில் உறங்கும் கிருமியை அழிக்கும் பிரிமாகுயின் மாத்திரையையும் மருத்துவர் விதித்த நாள்வரை உட்கொள்ள வேண்டும். தம் வீட்டாரையும் அயலாரையும் காக்க ஒருவர் செய்யக்கூடிய கடமை இதுவாகும்.