பட்டம் பெற்றபின் மருத்துவம்

திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடி மலைக்கு ஏறும் வழியில் வித்துரா என்னும் ஊர் உள்ளது. சுற்றிலுமுள்ள தேயிலைத் தோட்டங்களில் வேலை தேடி வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பல. 2008-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிலையத்தின் வளாகமும் இவ்வூரில்தான் அமைந்துள்ளது.

இத்தகைய நிலையங்களில் இயற்பியலோ வேதியியலோ கற்றவர்கள், மருத்துவ நுழைவுத் தேர்வுக்கு மாணவரைப் பயிற்றும் ஆசிரியராக அமர்வதுண்டு. பிறரை மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பும் அவ்வாசிரியர் தாமே அங்குச் செல்ல விரும்பினால் வழியுண்டா? நம்மவர் வீடுகளில் இக்கேள்வி அடிக்கடி எழுகின்றது.

வழியுண்டு. நீட் தேர்வு எழுதுவதற்கு இருந்த வயது உச்சவரம்பு 2022-இல் நீக்கப்பட்டது. பள்ளியில் உயிரியல் படியாதவரும், பின்னர் அதனைக் கூடுதல் பாடமாக எழுதித் தேறினால் தகுதியுடையவர் என 2023-இல் தேசிய மருத்துவ ஆணையம் அறிவித்தது. ஆனால் அவர் பெற்ற பட்டத்திற்கு அங்கே தனிச் சலுகை ஏதுமில்லை. பதினேழு வயதுப் பிள்ளைகளோடு அவரும் அதே வினாத்தாளை எழுத வேண்டும். வினாக்கள் 180, அவற்றுள் 90 உயிரியல், 45 இயற்பியல், 45 வேதியியல். இயற்பியலில் எத்துணை வல்லவராயினும், அவர் கையிலிருப்பது கால்பங்கே! தேறிய பின்னரும் நாலரை ஆண்டுப் படிப்பும் ஓராண்டு பயிற்சியும் காத்திருக்கின்றன. அமெரிக்காவில் முறை வேறு. அங்கே பெரும்பாலோர் முதலில் ஒரு பட்டம் பெற்று, எம்காட் என்னும் தேர்வின் வாயிலாகவே மருத்துவம் புகுகின்றனர்.

பிறமாநிலத்தில் வாழும் பெற்றோர் மறவாதிருக்க வேண்டிய செய்தி ஒன்று. நீட் வினாத்தாள் தமிழிலும் உண்டு. ஆயினும் கேரளத்துத் தேர்வு மையங்களில் அது கிடைப்பதில்லை. தமிழில் எழுத விழைவோர், விண்ணப்பிக்கும்போதே தமிழ்நாட்டு மையத்தைக் கேட்க வேண்டும். தோட்டத்துப் பிள்ளைக்கு இது ஒரு நாள் பயணமும் செலவும் என்பதை நாம் அறிவோம். எனினும், தெரியாமல் விண்ணப்பித்துவிட்டுப் பின்னர் வருந்துவதினும் இது மேல்.

சுற்றுவழியாக மருத்துவத்தை அடைந்தவர் பழைய திருவிதாங்கூரிலும் இருந்தார். 1886-இல் பிறந்த மேரி பூனன் லூக்கோஸ் அம்மையார், அரண்மனை மருத்துவர் ஒருவரின் மகள். திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் அறிவியல் பயில அவர் விரும்பினார். பெண் என்பதால் இடம் மறுக்கப்பட்டது. வேறு வழியின்றி வரலாறு படித்து 1909-இல் பி.ஏ. பட்டம் பெற்றார். அப்பட்டத்துடன் இலண்டன் சென்று மருத்துவம் கற்றார். 1916-இல் தாயகம் திரும்பித் தைக்காடு மகளிர் மருத்துவமனையில் பொறுப்பேற்றபோது அவருக்கு வயது முப்பது. 1938-இல் திருவிதாங்கூரின் சர்ஜன் ஜெனரல் என்னும் தலைமை மருத்துவப் பதவி அவரை அடைந்தது. அந்நாளில் திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த நாகர்கோவிலில் காசநோய் மருத்துவமனை ஒன்று எழுந்ததும் அவர் முயற்சியாலேயே.