மாத்திரை நம்முடையது, மருந்து யாருடையது?

உலகத்துக்கே மலிவு விலையில் மாத்திரை அனுப்பும் நாடு இந்தியா. ஆனால் தொண்டைப் புண்ணுக்கும் நெஞ்சுச் சளிக்கும் டாக்டர்கள் எழுதிக் கொடுக்கும் அமாக்ஸிசிலினின் மூலப்பொருளுக்கு நாம் பல ஆண்டுகளாகச் சீனாவின் கையை எதிர்பார்த்திருந்தோம். மருந்துக் கடையில் அட்டையைத் திருப்பிப் பாருங்கள்: தயாரிப்பாளர் முகவரி, பேட்ச் எண், காலாவதி தேதி எல்லாம் இருக்கும். உள்ளே இருக்கும் மருந்து எந்த நாட்டில் பிறந்தது என்பது மட்டும் இருக்காது.

ஆரம்பத்தில் இப்படி இல்லை என்பதுதான் வயிற்றெரிச்சல். புனே அருகே பிம்ப்ரியில் 1954இல் ஹிந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் என்ற அரசு நிறுவனம் தொடங்கப்பட்டது. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் கைகொடுத்தன. அடுத்து ரிஷிகேஷில் இன்னொரு அரசு மருந்து நிறுவனமான ஐ.டி.பி.எல்.லின் ஆலை வந்தது, பிறகு தனியாரும் இறங்கினார்கள்.

அமாக்ஸிசிலினுக்கு அடிப்படையான பென்சிலின் ஜி-யைச் செய்வது, பூஞ்சை வளர்க்கும் வேலை. பிரம்மாண்டமான தொட்டிகளில் சர்க்கரைக் கரைசலில் பூஞ்சையை விட்டு, நாள்கணக்கில் காற்றைச் செலுத்திக் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். வேறு கிருமி புகுந்தால் தொட்டி மொத்தமும் வீண். இடைவிடாமல் ஓடும் இயந்திரங்களுக்கான கரண்ட் பில்லே லாபத்தைத் தின்றுவிடும். 1990களில் இறக்குமதிக் கட்டுப்பாடு தளர்ந்தது. சீனாவின் பேராலைகள் அடிமாட்டு விலைக்குச் சரக்கைத் தள்ள, நம் ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொட்டிகளை நிறுத்தின. ஒரு மருந்தைச் செய்யும் திறனை ஒரு நாடு இழக்க விலைப்பட்டியலே போதும்.

ஆபத்து உறைத்தது 2020இல். கொரோனாவால் சீன ஆலைகள் முடங்கியதும், பாராசிட்டமால் உள்ளிட்ட 26 மருந்துகள், மூலப்பொருள்களின் ஏற்றுமதிக்கு இந்தியா மார்ச் 3 அன்று கட்டுப்பாடு விதித்தது. நம்மை நம்பியிருந்த நாடுகள் பதறின. தனக்கு மிஞ்சித்தானே தானம்? நாளை சீனா அதையே செய்தால் குறை சொல்ல நமக்கு வாயில்லை.

அதே ஆண்டு 41 மூலப்பொருள்களை உள்நாட்டில் செய்ய 6,940 கோடி ரூபாய் ஊக்கத்தொகைத் திட்டத்தை மத்திய அரசு அறிவித்தது. அதன் பலனாக, ஆந்திராவின் காக்கிநாடா அருகே அரபிந்தோ ஃபார்மா குழுமத்தின் ஆலை 2024இல் பென்சிலின் ஜி தயாரிக்கத் தொடங்கியது. ஆண்டுக்கு 15,000 டன் திறன்.

ஆலை கட்டியாயிற்று, சிக்கல் இனிதான். முதல் நான்கு ஆண்டுகள் விற்பனையில் 20 சதவீதமாக உள்ள ஊக்கத்தொகை, ஐந்தாம் ஆண்டில் 15 ஆகவும் ஆறாம் ஆண்டில் 5 ஆகவும் இறங்கிவிடும். மாத்திரைக் கம்பெனிகளோ எங்கே மலிவோ அங்கே போவார்கள். அவர்களையும் நோக முடியாது. அரசின் விலை உச்சவரம்பு தலைக்கு மேல் இருக்கிறது. எனவே, மாநில அரசுகள் தங்கள் மருத்துவமனைகளுக்கு டெண்டர் விடும்போது, உள்நாட்டு மூலப்பொருளில் செய்த மருந்துக்குச் சில பைசா கூடக் கொடுக்க முன்வர வேண்டும். அப்படி உறுதியான ஆர்டர் கிடைக்காவிட்டால், மானியம் தீர்ந்ததும் காக்கிநாடா ஆலையும் தள்ளாடும்.