சிறுநீரகம் கொடுத்த சிநேகிதம்

ரான் ஸ்பிரிங்ஸும் எவர்சன் வால்ஸும் டல்லாஸ் கவ்பாய்ஸ் அணிக்காக அமெரிக்கக் கால்பந்து ஆடியவர்கள். 1980-களின் தொடக்கத்தில் அணியில் ஏற்பட்ட பழக்கம், இருவரும் ஆட்டத்திலிருந்து ஓய்வுபெற்ற பிறகும் விட்டுப்போகவில்லை. ஸ்பிரிங்ஸுக்கு நீரிழிவு. அது அவருடைய பாதம் ஒன்றைப் பறித்தது, சிறுநீரகங்களையும் செயலிழக்கச் செய்தது. டயாலிசிஸில் நாட்களை ஓட்டிக்கொண்டிருந்தார். மகன் ஷான் சிறுநீரகம் தர முன்வந்தார். ஆனால் அவரும் அப்போது தொழில்முறை ஆட்டக்காரர். கொடுத்தால் மகனின் ஆட்டம் அதோடு முடிந்துவிடும் என்று தகப்பன் சம்மதிக்கவில்லை. 2007 பிப்ரவரியில் கொடுத்தவர் நண்பர் வால்ஸ்.

டயாலிசிஸ் நின்றது. அமெரிக்காவில் சிறுநீரகச் செயலிழப்பு கறுப்பின மக்களை மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகமாகத் தாக்குகிறது. அதைப் பற்றி மக்களிடம் பேச இருவரும் ஓர் அறக்கட்டளை தொடங்கினார்கள். மைதானத்தில் கிடைத்த பெயர் அதற்குக் கைகொடுத்தது. ஆனால் அதே ஆண்டு அக்டோபரில், கையிலிருந்த கட்டியை அகற்றும் சிறிய அறுவை சிகிச்சைக்குப் போன ஸ்பிரிங்ஸ் கோமாவில் விழுந்தார். 2011 மே மாதம் காலமானார்.

கதையை இதுவரை சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தானச் செய்திகள் பெரும்பாலும் ஆஸ்பத்திரி வாசலில் எடுத்த படத்தோடு முடிந்துவிடுகின்றன. பெற்றவர் வாழ்ந்தாலும் இறந்தாலும், கொடுத்தவர் மீதி வாழ்நாள் முழுவதும் ஒற்றைச் சிறுநீரகத்தோடு இருக்கிறார். அவரை யார் கவனிக்கிறார்கள் என்பதுதான் எனக்கு முக்கியமான கேள்வி.

ரத்த சொந்தம் இல்லாவிட்டால் பொருந்துமா?

உயிருள்ள ஒருவரிடமிருந்து எடுத்துப் பொருத்திய சிறுநீரகம் முதன்முதலில் நிலைத்து வேலை செய்தது 1954 டிசம்பர் 23 அன்று, பாஸ்டன் நகரில். கொடுத்தவர் ரொனால்ட் ஹெரிக், பெற்றவர் அவருடைய இரட்டைச் சகோதரர் ரிச்சர்ட். அறுவை செய்த ஜோசப் மரேக்கு 1990-இல் நோபல் பரிசு கிடைத்தது. இருவரும் உருவொத்த இரட்டையர் என்பதால் ரிச்சர்டின் உடல் புது உறுப்பை அந்நியமாக நினைக்கவில்லை. எல்லோருக்கும் அந்த வாய்ப்பு ஏது? உடல் எதிர்ப்பை அடக்கும் நல்ல மருந்துகள் வந்த பிறகுதான் மற்றவர்களுக்கும் வழி திறந்தது.

1995-இல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வு மருத்துவர்களையே யோசிக்க வைத்தது. பெற்றோர் கொடுத்த சிறுநீரகங்களில் 82 சதவீதம் மூன்று ஆண்டுக்குப் பிறகும் வேலை செய்தன. கணவன் மனைவிக்குள் கொடுத்தவற்றில் 85. எந்த உறவும் இல்லாதவர்கள் கொடுத்தவற்றில் 81. இறந்தவர்களிடமிருந்து பெற்றவற்றில் 70. மரபணுப் பொருத்தம் குறைவாக இருந்தும் நண்பரின் சிறுநீரகம் ஏன் நன்றாக உழைக்கிறது? ஆரோக்கியமான உடலிலிருந்து எடுத்து, அதிக நேரம் காத்திருக்க வைக்காமல் உடனே பொருத்துகிறார்கள். உறுப்புக்குச் சேதம் குறைவு. ரத்த வகை ஒத்துவர வேண்டும், இருவரின் ரத்தத்தையும் சேர்த்துப் பார்க்கும் கிராஸ்மேட்ச் பரிசோதனையில் எதிர்ப்பு இருக்கக்கூடாது. மற்றதைப் பெரும்பாலும் மருந்து பார்த்துக்கொள்கிறது.

நம் ஊரில் நண்பர் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். 1994-ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டம் பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர், வாழ்க்கைத்துணை, தாத்தா பாட்டி, பேரப்பிள்ளைகள் ஆகியோரை நெருங்கிய உறவாகக் கருதுகிறது. மற்றவர்கள் அன்பின் காரணமாகக் கொடுக்க விரும்பினால் அங்கீகாரக் குழுவின் அனுமதி வேண்டும். குழு இருவரையும் நேரில் விசாரிக்கும். மூன்று ஆண்டு வருமானச் சான்றுகளைக் கேட்கும். நீண்ட காலப் பழக்கத்துக்கு ஆதாரமாக இருவரும் சேர்ந்து எடுத்துக்கொண்ட பழைய படங்களையும் பார்க்கும். பள்ளி ஆண்டு விழாப் படம், கல்யாண ஆல்பம் எல்லாம் அந்த மேசைக்கு வந்துவிடும்.

இத்தனை சந்தேகம் எதற்கு என்று நண்பர்கள் நொந்துகொள்வதுண்டு. சென்னை வில்லிவாக்கத்தில் கடன்பட்ட ஏழைகள் சிறுநீரகம் விற்ற காலத்தை நினைத்துப் பார்த்தால் அந்தக் கேள்வி எழாது. பணம் கைமாறினால் ஐந்து முதல் பத்து ஆண்டு வரை சிறை, குறைந்தது 20 லட்சம் ரூபாய் அபராதம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கொடுக்கச் சம்மதித்தவர் அறுவை அரங்குக்குள் போகும் கடைசி நிமிடம் வரை மனம் மாறலாம். “எனக்குப் பயமாக இருக்கிறது, வேண்டாம் டாக்டர்” என்று தனியாகச் சொன்னால் போதும். மருத்துவரீதியாகப் பொருந்தவில்லை என்று மட்டும் வீட்டாரிடம் சொல்லி, நல்ல மருத்துவக் குழு அவரைக் காப்பாற்றிவிடும். நட்புக்கு அதனால் பங்கம் வராது.

மைதானத்துக்குத் திரும்பியவர்கள்

1978-இல் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத் நகரில் மாரிஸ் ஸ்லாபக் என்ற அறுவை மருத்துவர், மாற்று உறுப்பு பெற்றவர்களுக்காக ஒரு விளையாட்டுப் போட்டி நடத்தினார். வந்தவர்கள் சுமார் நூறு பேர். இன்று அதுதான் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் உலக மாற்று உறுப்பு விளையாட்டுப் போட்டி. 2023-இல் பெர்த், 2025-இல் டிரெஸ்டன். ஓட்டம், நீச்சல், இறகுப்பந்து எல்லாம் உண்டு. உயிருடன் உறுப்பு கொடுத்தவர்களும் இப்போது களத்தில் இறங்குகிறார்கள்.

கூடைப்பந்து வீரர் அலோன்சோ மோர்னிங்குக்கு 2003-இல் உறவினர் ஒருவர் சிறுநீரகம் கொடுத்தார். 2006-இல் மயாமி ஹீட் அணியோடு அவர் என்பிஏ கோப்பையை வென்றார். குரோஷியக் கால்பந்து வீரர் இவான் கிளாஸ்னிச்சின் கதை இன்னும் கடுமையானது. 2007 தொடக்கத்தில் தாய் கொடுத்த சிறுநீரகத்தை உடல் ஏற்கவில்லை. அடுத்து தந்தை கொடுத்தார். மறு ஆண்டு யூரோ போட்டியில் போலந்துக்கு எதிரான ஆட்டத்தின் ஒரே கோலை அடித்தவர் அவர்தான். ஆண்டுகள் கழித்து அந்தச் சிறுநீரகமும் ஓய்ந்து, இன்னொன்று தேவைப்பட்டது. மாற்று உறுப்பு காலத்துக்கும் உழைக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

புதுச் சிறுநீரகத்தை அடிவயிற்றில், தோலுக்குச் சற்று உள்ளே வைக்கிறார்கள். விலா எலும்பின் காவல் அங்கே இல்லை. ஆகவே குத்துச்சண்டை, கபடி போன்றவை வேண்டாம். நடை, சைக்கிள், நீச்சல், இறகுப்பந்து போன்றவற்றை மருத்துவர் சொல்லும் காலத்தில் தொடங்கலாம். உடல் எதிர்ப்பை அடக்கத் தரும் ஸ்டீராய்டு மாத்திரையால் எடை ஏறும், எலும்பு தேயும், சர்க்கரையும் எட்டிப்பார்க்கும். உடற்பயிற்சி இந்த மூன்றையும் எதிர்த்து நிற்கிறது.

மேடையும் மருந்தும்

பாடகி செலினா கோமஸுக்கு லூபஸ் நோயால் சிறுநீரகம் கெட்டது. 2017-இல் கொடுத்தவர் நெடுநாள் தோழி, நடிகை பிரான்சியா ரைசா. அறுவை முடிந்த சில மணி நேரத்தில் புதுச் சிறுநீரகம் திரும்பி ரத்தக்குழாய் சிதைய, காலிலிருந்து நாளம் எடுத்து மறுபடி அறுவை செய்ய வேண்டியிருந்தது. அந்த நவம்பரிலேயே கோமஸ் மேடையில் பாடினார். பிற்பாடு இளைஞர்களின் மனநலச் சேவைகளுக்காக ஒரு நிதியமும் தொடங்கினார்.

பாட்டுக்காரர்கள் வயிற்றுத் தையல் ஆறும் வரை உரத்துப் பாடக்கூடாது. நாகஸ்வரம் வாசிப்பவர்கள் இன்னும் பொறுக்க வேண்டும், அழுத்திக் காற்று கொடுத்தால் தையல் போட்ட இடத்தில் குடலிறக்கம் வரலாம். முதல் மாதங்களில் எதிர்ப்பு சக்தி மிகக் குறைவாக இருக்கும், சபா நெரிசலைத் தவிர்ப்பது நல்லது. உடல் எதிர்ப்பை அடக்கும் டாக்ரோலிமஸ் மாத்திரையைக் காலையும் இரவும் அதே நேரத்துக்குப் போட வேண்டும், கச்சேரி முடியட்டும் என்று தள்ளக்கூடாது. பம்பளிமாஸ் பழம் அந்த மருந்தின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும், அதைத் தொடவே வேண்டாம்.

கொடுத்தவரைக் கவனியுங்கள்

கோமஸுக்குச் சிறுநீரகம் கொடுத்த ரைசா பிறகு வெளிப்படையாகப் பேசினார். உடல் இழக்கத் தேவையில்லாத ஒன்றை இழப்பதால் மீள்வது கொடுப்பவருக்குத்தான் கடினம் என்றார். தானே குளிக்கவோ உடை மாற்றவோ முடியாமல் இருந்ததையும், மனச்சோர்வையும் மறைக்கவில்லை. நம் வீடுகளில் இதைக் கேட்க ஆள் இல்லை. எல்லோரும் பெற்றவரின் கட்டிலைச் சுற்றி நிற்கிறார்கள். இந்தியாவில் உயிருடன் கொடுப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அறுவை முடிந்த நான்காம் நாளே அடுப்படியில் நிற்கும் தாயையும் மனைவியையும் நாம் பார்த்திருக்கிறோம்.

இப்போது சிறு துளைகள் வழியே எடுப்பதால் சில நாட்களில் வீடு திரும்பலாம். நான்கு முதல் ஆறு வாரம் ஓய்வு வேண்டும், அதுவரை தண்ணீர்க் குடம், கேஸ் சிலிண்டர் எதையும் தூக்கக்கூடாது. மீதியுள்ள சிறுநீரகம் சற்றுப் பெருத்து, பழைய மொத்தத் திறனில் சுமார் 70 சதவீதத்தை ஈடுசெய்யும்.

அபாயம் சிறிது, ஆனால் இல்லாமல் இல்லை. 2010-இல் வந்த அமெரிக்கக் கணக்கின்படி அறுவையால் இறந்தவர்கள் பத்தாயிரத்தில் மூன்று பேர். வாழ்நாளில் சிறுநீரகம் செயலிழக்கும் வாய்ப்பு, கொடுத்தவர்களில் பத்தாயிரத்துக்கு 90 என்றும் அவர்களைப் போலவே ஆரோக்கியமாக இருந்து கொடுக்காதவர்களில் 14 என்றும் 2014-இல் மதிப்பிட்டார்கள். கொடுத்த பிறகு கருத்தரிக்கும் பெண்களுக்குக் கர்ப்பகால ரத்த அழுத்தம் வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரட்டிப்பு. பிள்ளை பெற எண்ணியிருப்பவரிடம் இதைச் சொல்லாமல் கையெழுத்து வாங்குவது அநியாயம்.

முதுகு வலிக்கிறது, மூட்டு வலிக்கிறது என்று மெடிக்கலில் டைக்ளோபினாக், ஐபுபுரூபன் வாங்கிப் போடும் பழக்கத்தைக் கொடுத்தவர் அடியோடு விட வேண்டும். எந்த மருத்துவரிடம் போனாலும் ஒரு சிறுநீரகம்தான் இருக்கிறது என்று முதலில் சொல்ல வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை ரத்த அழுத்தம், கிரியேட்டினின், சர்க்கரை, சிறுநீரில் புரதம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

வலியில்லாத உடம்போடு ஆஸ்பத்திரிக்குப் போக யாருக்கும் மனம் வராது, அதனால் பலர் இரண்டாம் ஆண்டிலேயே நின்றுவிடுகிறார்கள். பெற்றவரோ எப்படியும் பரிசோதனைக்குப் போய்க்கொண்டேதான் இருக்கிறார். ஆண்டில் ஒரு முறையாவது நண்பரையும் கூட்டிப்போய், அவருடைய ரத்தத்தையும் அன்றே எடுக்கச் சொல்லலாம். அந்தச் செலவைப் பெற்றவர் வீடே ஏற்றுக்கொள்ளட்டும்.