கத்திக்குப் பூஜை, கொல்லருக்கு?

ஆகுர்டி தொழிற்பேட்டையில் இரவு ஷிப்டு முடிந்து வீடு திரும்பும் நம்மவர்களுக்கு விசில் ஊதிவரும் கூர்க்காவைத் தெரியும். அவரது நாட்டின் பெருமை 'குக்குரி' என்னும் வளைந்த கத்தி. இந்திய ராணுவத்தின் கூர்க்கா படைப்பிரிவுகளுக்கும் அதுவே சின்னம்.

கிழக்கு நேபாளத்தில் போஜ்பூரும் தரானும் குக்குரிக்குப் பேர்போன ஊர்கள். பழைய லாரி ஸ்பிரிங் பட்டையைக் கரி உலையில் காய்ச்சி, சம்மட்டியால் அடித்து வளைக்கிறார்கள். துவைச்சலில்தான் நுட்பம் இருக்கிறது. பழுக்கக் காய்ச்சிய கத்தியின் வாயில் மட்டும் கெண்டியால் நீர் ஊற்றுகிறார்கள். வாய் கடினப்படும்; முதுகு முறியாமல் தாங்கும். எருமைக் கொம்பில் பிடி. மர உறைக்குத் தோல் போர்வை. உறையிலேயே இரண்டு சிறு கத்திகள்: சில்லறை வேலைக்குக் 'கர்தா', தீட்டுவதற்குச் 'சக்மக்'.

நாம் ஆயுத பூஜை கொண்டாடும் நாட்களில் அங்கே தசைன் விழா. குக்குரிக்கும் பூஜை உண்டு. ஆனால், அதை அடிக்கும் விசுவகர்மா கொல்லர்களைத் தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கி வைத்தார்கள். 1963-ல் புதிய சட்டம் அந்த வேற்றுமையை ஏட்டிலிருந்து நீக்கியது. 2011-ல் தீண்டாமையைத் தண்டிக்கத் தனிச் சட்டமே வந்தது. வழக்கம் இன்னும் முழுதாக ஒழியவில்லை.

கத்தியைத் தொட்டுக் கும்பிடும் கை, அதை அடித்தவரைத் தொடத் தயங்குவது என்ன நியாயம்?