உங்களுக்குத் தெரியுமா? தோட்டத்துப் பிள்ளைகளும் தமிழ்க் கல்வியும்!

● 2014 ஒக்டோபர் 29 காலை. கொஸ்லந்தை மீரியபெத்த தோட்டத்தில் மண்சரிவு! லயங்களை மண் மூடியது. ஆனால் பல பிள்ளைகள் உயிர் தப்பினார்கள். எப்படித் தெரியுமா? அவர்கள் பள்ளிக்கூடம் போயிருந்தார்கள்!

● வீடிழந்த குடும்பங்களுக்கு அன்று கூரை தந்தவை எவை? கொஸ்லந்தையிலும் பூனாகலையிலும் இருந்த தமிழ் வித்தியாலயங்கள்!

● லயத்துப் பிள்ளை தமிழில் படிப்பது யாரும் காட்டும் கருணை அல்ல. அரசியலமைப்பின் 21ஆவது உறுப்புரை தரும் உரிமை! சிங்களம், தமிழ் என்ற இரண்டு தேசிய மொழிகளில் எதிலும் கல்வி பெறலாம்.

● தோட்டத் துரைமார் தங்கள் தொழிலாளரின் பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் பாடம் சொல்லித்தர ஏற்பாடு செய்தே ஆக வேண்டும்! இப்படி ஒரு சட்டம் வந்த ஆண்டு 1920. நூறு வருடம் தாண்டிவிட்டது!

● அந்தச் சட்டம் எந்த வயதுப் பிள்ளைகளுக்கு? 6 முதல் 10 வரை மட்டும்! இன்றோ நாடு முழுவதும் 16 வயது வரை கல்வி கட்டாயம்.

● இலங்கையில் இலவசக் கல்வி வந்தது 1945இல். தோட்டப் பள்ளிக்கூடங்களை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியது எப்போது? 1970களில்தான்!

● மலையகத் தமிழரின் பிரஜாவுரிமை பறிபோனது 1948இல். நாடற்றவராய் எஞ்சியிருந்தவர்களுக்கும் அதைத் தரும் சட்டம் வந்தது 2003இல். இடைவெளி 55 ஆண்டுகள்! அந்த ஆண்டுகளிலும் தோட்டத்துப் பள்ளிக்கூடங்களில் தமிழ்ப் பாடம் நடந்தது!

● தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஆசிரியர்களை உருவாக்கும் கொட்டகலை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி எழுந்தது யார் உதவியில்? ஜெர்மனியின் உதவியில்!

● மீரியபெத்த இருக்கும் ஹல்துமுல்லை இருமொழி நிர்வாகப் பிரிவு! பண்டாரவளை, ஹப்புத்தளை, பசறையும் அப்படியே. அரச அலுவலகத்தில் தமிழிலேயே காரியம் பார்க்கலாம். வர்த்தமானி அறிவித்தல் வந்தது 1999 நவம்பர் 12!

● அதற்குச் சரியாக 5 நாள் கழித்து யுனெஸ்கோ ஒரு முடிவெடுத்தது. பெப்ரவரி 21 சர்வதேச தாய்மொழி தினம்!

● சிறுபான்மைப் பிள்ளை தன் மொழியைப் பேசுவதை எந்த நாடும் மறுக்கக்கூடாது. சொல்வது யார்? ஐ.நா. சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 30ஆவது உறுப்புரை! இலங்கை அதை ஏற்றது 1991இல்.

● உங்கள் வீட்டில் 5 வயதுப் பிள்ளை இருக்கிறதா? தமிழில் படிக்கும் உரிமை அதற்குச் சட்டத்திலேயே இருக்கிறது. தோட்டத்தில் நாலு பேருக்குச் சொல்லுங்கள். உரிமையோடு கேட்டு வாங்குங்கள்!